மன அழுத்தத்துக்குத் தனிப் படிவம் இல்லை: சேலத்து ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளையில் கடன் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். 2024 ஆகஸ்டில் ஒரு காலை, வண்டியை நிறுத்திவிட்டுக் கிளையின் படிக்கட்டில் ஏற முடியாமல் கால் மணி நேரம் அப்படியே நின்றேன். நெஞ்சு படபடத்தது, கை வியர்த்தது. மாரடைப்பு என்று பயந்துபோய் ஈசிஜி எடுத்தேன்; இதயத்துக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் மருத்துவர், விடுப்பு, மெமோ, மனு என்று அலைந்தேன். அதில் பாதி அலைச்சல் தவறான வாசலில் தவறான காகிதத்தோடு போய் நின்றதால் வந்தது. அந்தப் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

நான் வழக்கறிஞன் அல்ல. அலைந்து தெரிந்துகொண்டதையும், எனக்கு உதவிய வழக்கறிஞர் திருத்திச் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

தூக்கம் போய், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் கீழே உள்ள எதையும் இப்போது படிக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் எனப்படும் இந்த அரசு சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 104க்கும் அழைக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாய் திறக்காதவர்களை எனக்குத் தெரியும். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. காகித வேலை காத்திருக்கும்.

1. உங்கள் குறையைச் சட்டம் புரிந்துகொள்ளும் சொல்லுக்கு மாற்றுங்கள்

நான் எழுதிய முதல் மனுவின் பொருள் வரி: "பணியிட மன அழுத்தம் தொடர்பாக." அதை வாங்கிப் படித்த அலுவலர் நல்லவர். படித்துவிட்டு, "இதில் நான் எந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டும், தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வேலையால் வரும் மன அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாளிக்குக் கடமை விதிக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. தொழில்சார் நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சு இருக்கிறது, கல் தூசியால் நுரையீரலுக்கு வரும் சிலிக்கோசிஸ் இருக்கிறது. மன அழுத்தம் இல்லை. ஆனால் அழுத்தத்தை உண்டாக்கும் காரணங்களில் பலவற்றுக்கும், அதனால் வரும் விளைவுகளில் பலவற்றுக்கும் சட்டம் உண்டு. ஆகவே "அழுத்தம்" என்ற ஒற்றைச் சொல்லை உடைக்க வேண்டும்.

தினமும் 11 மணி நேரம் உட்கார வைக்கிறார்களா? அது வேலை நேரம். கடைகள், அலுவலகங்களுக்கான 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54க்கு மேல் போகக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு. விடுப்பு கேட்டால் முறைக்கிறார்களா? அதே சட்டத்தின் 25ஆவது பிரிவில் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் சம்பளத்தோடு உண்டு. ஓராண்டு முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் இன்னொரு 12 நாள். நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் திருத்தமே வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பிள்ளைகள் பலருக்கு இது இன்னும் தெரியாது. அழுத்தத்தின் வேர் பாலியல் சீண்டல் என்றால் வாசல் வேறு: 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் உள்ளகப் புகார்க் குழு, அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இங்கே இரண்டு பள்ளங்கள். முதல் பள்ளம், எங்கள் கிளையில் வசூலுக்குப் போகும் அண்ணன் ஒருவர் விழுந்தது. வாரத்தில் மூன்று நாள் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி நாகலூர், மஞ்சக்குட்டை என்று ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் போய், இருட்டிய பிறகு இறங்குவார். கடைகள் சட்டத்தைக் காட்டி வேலை நேரம் கேட்டார். அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பயணம் செய்வதே வேலையாக உள்ளவர்களுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதிகம் அலைபவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. எவர் எழுதினாரோ, மலை ஏறிப் பார்த்திருக்க மாட்டார். அந்த அண்ணனைப் போன்றவர்கள் தொழில் தகராறு வழியில்தான் போக வேண்டும்; 7ஆவது படியில் அதைச் சொல்கிறேன்.

இரண்டாவது பள்ளம் பதவியின் பெயர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. எனக்கு அந்த ஏப்ரலில்தான் 500 ரூபாய் கூட்டிக் கொடுத்து "உதவிக் கிளை மேலாளர்" என்று அட்டை அடித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம். பிறகு அந்த அட்டையையே என்மேல் எறிந்தார்கள். பெயர் பெரிதல்ல, செய்யும் வேலைதான் கணக்கு. யாருக்காவது விடுப்பு ஒப்புதல் தர முடியுமா, ஆளை வேலைக்கு எடுக்க முடியுமா, கடனுக்குக் கையெழுத்திட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்னால் இதில் ஒன்றும் முடியாது என்பதைக் காட்டியபோது அந்த வாதம் நின்றுபோனது.

2. வேலையில் இருக்கும்போதே காகிதம் சேருங்கள்

வேலை போன மறுநாள் உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் திறக்க முடியாது. ஆகவே இன்றே செய்ய வேண்டியவை இவை: நியமனக் கடிதம், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவின் படம், விடுப்பு கேட்டதும் மறுத்ததும், இரவு 10 மணிக்கு மேல் வந்த வேலைச் செய்திகள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

இதோடு ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். வந்த நேரம், கிளம்பிய நேரம், யார் என்ன சொன்னார் என்று தினமும் மூன்று வரி. "எப்போதும் திட்டுவார்" என்பது எங்கும் எடுபடாது. "ஆகஸ்ட் 6, மாலை 7:40, ஏழு பேர் முன்னிலையில் இன்ன வார்த்தை சொன்னார்" என்பது எடுபடும்.

வாட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்தால் மட்டும் போதாது, அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். நான் பழைய போனை மாற்றிக்கொண்டு புதிது வாங்கினேன். இரண்டு மாத உரையாடல் அதோடு போயிற்று.

எச்சரிக்கை ஒன்று. வாடிக்கையாளரின் ஆவணங்களையோ கடன் விவரங்களையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் குறை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அந்த ஒரு மின்னஞ்சலை வைத்து உங்களை ஒழுங்கீனத்தில் நிறுத்திவிடுவார்கள்.

3. மருத்துவரிடம் போகும் வரிசை

நான் முதலில் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் போனேன். ஆலோசனைக் கட்டணம் 600 ரூபாய், மாத்திரை தனி. அவர் பதற்றக் கோளாறு என்று எழுதி, 15 நாள் ஓய்வு வேண்டும் என்று சான்றும் கொடுத்தார். மருத்துவத்தில் குறையில்லை. ஆனால் எனக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தது. அந்தச் சான்றோடு இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போனபோது, "தம்பி, இது வெளிச் சீட்டு. இங்கே நாங்கள் பார்த்து எழுதினால்தான் பணம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் 12 நாள் கடந்திருந்தது. அந்த 12 நாளும் சம்பளமில்லாத விடுப்பாகப் போனது.

ஆகவே முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் முதல் நாளே டிஸ்பென்சரி. அங்கிருந்து சிறப்பு மருத்துவருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இஎஸ்ஐ இல்லாதவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ஓபி சீட்டுக்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. காலையிலேயே போய்விட வேண்டும், கூட்டம் இருக்கும். எல்லாச் சீட்டையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்.

மருத்துவரிடம் தலைவலி, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நம் வழக்கம். வேலையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் கோப்பில் எழுதும் ஒரு வரி பிறகு உங்களுக்காகப் பேசும். அந்தக் கோப்பின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தால் 15 நாளில் அடிப்படைப் பதிவுகளைத் தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன.

4. இஎஸ்ஐ நோய்ப் பணம்: கணக்கு தெரிந்தவருக்கே கிடைக்கும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சேலத்தில் துணிக்கடை, ஆலை, நிதி நிறுவனம், ஓட்டல் என்று பெரும்பாலோர் இந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள். பிடித்தத்தைத் தெரிந்த அளவுக்குப் பலனை யாருக்கும் தெரியவில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ. உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினால் உடனே வெளியேற்றிவிட முடியாது. அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை நீங்கள் உள்ளேதான்.

மருத்துவரின் சான்றோடு வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்களுக்கு, உங்கள் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் இதில் வேறுபாடு இல்லை. எனக்கு மாதம் 18,000, நாளுக்கு 600, அதில் 70 சதவீதம் 420 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. முன்பு சான்று பெற்ற நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவும் இல்லை.

தகுதிக் கணக்குதான் பலரைக் குழப்பும். நோய் வந்த மாதத்தைப் பார்க்க மாட்டார்கள். அதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தைப் பார்ப்பார்கள். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். நான் ஆகஸ்ட் 2024இல் விழுந்தேன். எனக்குப் பார்த்தது 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய முதல் ஒன்பது மாதம் பணப்பலன் இருக்காது. மருத்துவம் மட்டும் உண்டு.

கொண்டுபோக வேண்டியவை: இஎஸ்ஐ எண் உள்ள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், கைப்பேசி. டிஸ்பென்சரி மருத்துவர் முதல் சான்று தருவார். பொதுவாக ஒரு வாரத்துக்கு ஒருமுறை போய் நீட்டிக்க வேண்டும். கடைசியில் வேலைக்குத் திரும்பலாம் என்ற இறுதிச் சான்று. இவற்றைக் கோரிக்கைப் படிவத்தோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் நேராக வங்கிக்கு வரும். ஒரு வாரம் தவறினாலும் அந்த இடைவெளிக்குப் பணம் வராது. "உடம்பு சரியில்லாதவன் வாரா வாரம் வரிசையில் நிற்பதா?" என்று எனக்கும் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு வாரம் போகாமல் இருந்தேன். 7 நாள், 2,940 ரூபாய்.

மூன்று பொறிகள். ஒன்று: நிறுவனம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த நாட்களுக்கு இஎஸ்ஐ பணம் கிடையாது. எந்த நாள் எதில் போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு: நீங்கள் வேலைக்கு வரவில்லை என்பதை நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்வார்கள். வருகைப் பதிவில் யாரோ "தொலைவிலிருந்து பணி" என்று போட்டு வைத்திருந்ததால் என் கோரிக்கை மூன்று வாரம் நின்றது. மூன்று: விடுப்பில் இருக்கும்போது "சும்மா ஒரு பத்து நிமிடம்" என்று கேட்டு வேலை வாங்குவார்கள். செய்யாதீர்கள். செய்தால் நீங்கள் அன்றைக்கு வேலை பார்த்தவர்.

நிஜம் எது, மனத்தோற்றம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் வகை நோய்களுக்கு நீட்டித்த நோய்ப் பலன் தனியாக உண்டு: 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் காப்பீட்டு வேலையும் முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். என்னைப் போலப் பதற்றம் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. உங்கள் வீட்டில் யாருக்காவது பொருந்தினால், கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

5. சம்பளம் 21,000க்கு மேல் இருந்தால்

உங்கள் வழி நிறுவனத்தின் குழுக் காப்பீடு. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு அதை வலியுறுத்தியது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கும் செலவு வராது. பாலிசியில் வெளிநோயாளர் செலவு உண்டா என்று முதலில் பாருங்கள். கோரிக்கையை நிராகரித்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

6. அலுவலகத்துக்கு எழுதும்போது குறைவாக எழுதுங்கள்

நான் செய்த பெரிய தவறு இது. விடுப்பு கேட்டபோது மருந்துச் சீட்டைப் படமெடுத்துக் கிளையின் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் என் மாத்திரையின் பெயர் தெரிந்துவிட்டது. ஒருவர் இணையத்தில் தேடி அது எதற்கான மாத்திரை என்று விளக்கமே கொடுத்தார்.

மருத்துவரும் மருத்துவமனையும் உங்கள் விவரத்தை வெளியிடக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களே வெளியிட்டால் சட்டம் என்ன செய்யும்? விடுப்புக் கடிதத்தில் "உடல்நலக் குறைவு, மருத்துவர் சான்று இணைப்பு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்பது போதும். மருத்துவரிடமும் நோயின் பெயரை விரித்து எழுதாமல் ஓய்வு தேவை என்று மட்டும் எழுதித் தரும்படி கேட்கலாம். மின்னஞ்சலில் அனுப்புங்கள், அதே நாளில் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீட் போஸ்டிலேயே பதிவு வசதியையும் ஒப்புகையையும் கேட்டு வாங்கி, ரசீதைக் கடித நகலின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் கடிதத்தில் மேற்கோள் காட்டி முதலாளியை மிரட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் செய்தேன். அந்தச் சட்டம் பெரிதும் அரசு, மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் ஆகியோரைப் பார்த்துப் பேசுகிறது. உங்கள் கிளை மேலாளரைப் பார்த்துப் பேசவில்லை. எச்ஆர் எனப்படும் மனிதவளப் பிரிவின் அதிகாரி அதை ஒரே வரியில் எழுதி அனுப்பினார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மனநலத்தை வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன தீர்ப்பும் அப்படித்தான். அதில் தந்த வழிகாட்டுதல்கள் கல்வி நிறுவனங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் உரியவை.

7. ராஜினாமா எழுதாதீர்கள், நீக்கினால் நாளை எண்ணுங்கள்

விடுப்பு முடியும் வாரத்தில் எச்ஆரிலிருந்து மிக அன்பாகப் பேசினார்கள். "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருகிறோம், உடம்பைப் பாருங்கள்." கேட்கக் கேட்கக் கண் கலங்கியது. எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. தானாக ராஜினாமா செய்தவருக்குக் கீழே உள்ள வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். தூக்கம் இல்லாத நிலையில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வற்புறுத்தி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கே, அடுத்த வாரம் அல்ல, திரும்பப் பெறுவதாகவும் எப்படி வாங்கினார்கள் என்றும் எழுதி அனுப்புங்கள்.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதி போட்டு, கொடுத்த கெடுவுக்குள் பதில் தாருங்கள். பதில் தர மருத்துவ ஓய்வு தடையாக இருந்தால் அவகாசம் கேட்டு எழுதுங்கள். எனக்கு விடுப்பின் நடுவிலேயே நீக்க உத்தரவு தயாரானது. அப்போதிருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி, நோய்ப் பணம் பெறும் காலத்தில் ஊழியரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. டிஸ்பென்சரிச் சான்றுகளின் நகலை அனுப்பியதும் உத்தரவைக் கிடப்பில் போட்டார்கள். நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் மறுபடி எடுத்தார்கள்.

கடைகள் சட்டம் பொருந்துபவர் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தியாக வேண்டும். 41ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உத்தரவு கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரைதான் உங்கள் சாட்சி.

மற்றவர்கள், குறிப்பாக எங்கள் வசூல் அண்ணனைப் போன்றவர்கள், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. சமரசம் முறிந்தால் தொழிலாளர் நீதிமன்றம், சேலத்திலேயே இருக்கிறது. மேற்பார்வை வேலையில் இருப்பவருக்குச் சம்பள வரம்பு உண்டு: முன்பு 10,000 ரூபாய், புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 18,000. அதற்கு மேல் வாங்குபவர் "தொழிலாளி" ஆக மாட்டார்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், என்னுடைய மனுவை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். தொழில் தகராறுச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. முன்பு வேலைநீக்கத் தகராறுக்கு 3 ஆண்டு வரை இருந்தது. இப்போது தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் எடுக்க முடியாது. மனுவில் பிரிவு எண் தவறாக இருப்பதைவிட எண்ணே இல்லாமல் இருப்பது மேல். நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம், ரசீது கிடைக்கும், அது தொழிலாளர் துறைக்கே வந்து சேரும். ஆனால் அதை மட்டும் நம்பி 30 நாளை விட்டுவிடாதீர்கள். மனு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். என் கோப்பு அப்படித்தான் நகர்ந்தது.

எனக்கு இரண்டாவது பேச்சுவார்த்தையிலேயே முடிந்தது: நிறுத்தி வைத்த சம்பளம், வேறு கிளைக்கு மாறுதல். எட்டு மாதம் அங்கே இருந்துவிட்டு நானாக வேறு வேலைக்குப் போனேன். வெற்றி என்று சொல்ல மாட்டேன். வேலையை இழந்து வெளியே வருவதற்கும் வேலையைத் தேடிக்கொண்டு வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டு வாடகை கட்டும்போது தெரியும்.

8. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால்

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. ஆதார், சம்பளச் சீட்டு, நீக்க உத்தரவு, மருத்துவச் சான்றுகள் இவற்றின் நகலோடு போங்கள். முன்கூட்டியே பேச 15100. நான் இதைத் தெரிந்துகொண்டபோது தனி வழக்கறிஞருக்கு ஏற்கெனவே 5,000 ரூபாய் கொடுத்திருந்தேன்.

9. மாற்றுத்திறனாளிச் சான்று எல்லாருக்கும் அல்ல

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு மருத்துவக் குழு மதிப்பிட்டு 40 சதவீதமோ அதற்கு மேலோ தந்தால் பல சலுகைகள் திறக்கும். இணையத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; கட்டணம் இல்லை. ஆனால் மூன்று மாத அழுத்தத்துக்கு இது வழியல்ல, நீண்ட சிகிச்சைப் பதிவு இருந்தால்தான் குழு பார்க்கும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இதன் பலன் பெரிது: பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ 20ஆவது பிரிவு தடுக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாகுபாடு என்று சொன்னது. தனியார் நிறுவனத்தில் 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டிருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அதைக் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே எச்ஆருக்கு அன்றுதான் தெரிந்தது.

10. மலையில் வேலை செய்பவர்களுக்கு

ஏற்காட்டில் தங்கும் விடுதிகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்பவர்கள் பலருக்கு நியமனக் கடிதமே இல்லை. அப்படியானால் சம்பளம் வந்த வங்கிப் பதிவு, சீருடையோடு எடுத்த படம், பணிப் பட்டியல், பிஎஃப் எண் எதுவானாலும் சேருங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை சீசனிலும் உண்டு. மே மாதத்துக்கு என்று தனிச் சட்டம் யாரும் போடவில்லை. அங்கேயே தங்கி வேலை செய்பவர்களிடம் "இரவும் இங்கேதானே இருக்கிறாய்" என்று கூப்பிட்டு வேலை வாங்குவார்கள். எழுப்பிய நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

காபித் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வழி வேறு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் நோய் உதவித்தொகையையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது; அதுவும் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் சேர்ந்துவிட்டது. தகுதி பெற்ற மருத்துவர் எழுதிய சான்று வேண்டும். மேஸ்திரியிடம் வாயால் சொன்ன விடுப்பு, சொல்லாத விடுப்பு.

கீழே மருத்துவமனைக்கு இறங்குபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிறகு ஊருக்குள் இன்னொரு பஸ். பத்து மணிக்குக் கிளம்பினால் ஓபி சீட்டு முடிந்திருக்கும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு. உங்கள் பக்கம் எந்தக் கிழமை என்று ஏற்காடு அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப அடுத்த தேதியை வாங்குங்கள். மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தரும்படியும் கேளுங்கள். மலைமேல் இருப்பதைச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள்.